செருப்புக்கு ஒரு இலை

மண்ணூர்பேட்டை, அம்பத்தூர்
28-6-1972

பட்டாளத்தில் இருக்கும் என் அருமைத் தம்பி வீராசாமிக்கு, அக்கா அங்கம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் மாமாவும் பொன்னியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்று அந்தப் பொன்னியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு மற்ற சங்கதிக்கு வருகிறேன்.

உடம்புக்குத்தான் குறையில்லை. மனசு ஆறவில்லை. உன் மாமா கட்டின ஒரு பாட்டு உன் அக்கா மகள் கல்யாணத்தில் கொண்டுபோய் மண்ணைப் போட்டுவிட்டது. சிரிக்காதே. சிரிப்பாய் என்று தெரியும். முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

பொன்னிக்கு ஒரு நல்ல இடம் வந்தது. தரகர் மதுரைவீரன் கொண்டுவந்தார். பையன் பெயர் பரந்தாமன். ஆவடி டாங்க் பாக்டரியில் பிட்டர். நெமிலிச்சேரியில் சொந்த வீடு. அப்பா துலுக்கானம் இரண்டு காணி வைத்துப் பயிர் செய்கிறார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாதாம். பையன் திருமுல்லைவாயல் கோயிலில் வைத்துப் பொன்னியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டான். இவளைக் கேட்டால் நான் யாரையும் பார்க்கவில்லை என்று சாதித்தாள். அந்தப் பையன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று கேட்டேன். நீலக் கட்டம் என்று டக்கென்று சொன்னாள். அப்புறம் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். கேசரி கிளறி, பஜ்ஜி போட்டு வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஞானகுமாரி அவள் வீட்டு நாற்காலி மூன்றையும் தூக்கிவந்து போட்டாள். அவள் புருஷன் ஜோசப்ராஜ் தெருமுனைக்கே போய் வந்தவர்களை அழைத்துவந்தார். பையனின் அப்பா துலுக்கானம் வாசலில் செருப்பைக் கழற்றினார். கழற்றினவர் அதை விட்டுவிட்டு உள்ளே வரவில்லை. குனிந்து எடுத்துத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், உன் மாமா முகத்தில் ரத்தம் இல்லை. ஏதோ வேலை இருப்பதுபோல் அடுப்பங்கரைக்குள் நுழைந்தவர் என் காதில் சொன்னார், அங்கம்மா, இது அந்த ஆள், செருப்புக்காரர் என்று.

உனக்குத் தெரியாது, சொல்கிறேன். போன வருஷம் வைகாசியில் உன் மாமாவோடு பாடி ஊரிலுள்ள பாக்டரியில் வேலை பார்க்கும் கோவிந்தனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் நெமிலிச்சேரி. நலங்கு வைக்கும்போது இரண்டு பக்கத்துப் பொம்பளைகளும் எதிரெதிரே உட்கார்ந்து சம்பந்தியைக் கேலி செய்து பாடுவோம் இல்லையா, அதற்கு மாப்பிள்ளை பக்கம் பாட வேண்டும் என்று கோவிந்தன் உன் மாமாவைப் பிடித்துக்கொண்டான். இவர் பந்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அங்கே பெண்ணுக்குப் பெரியப்பா ஒருவர், புதுச் செருப்பு திருடுபோய்விடும் என்று மடியில் வைத்துக்கொண்டே பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். இவருக்கு வேறென்ன வேண்டும்? நின்ற இடத்திலேயே கட்டிக் கொடுத்துவிட்டார்.

பந்தியில பாயசமாம்
பக்கத்துல அப்பளமாம்
புதுச்செருப்ப மடியில் வச்சி
பொத்திகினாரு சம்மந்தி!
ஏப்பம் வந்தும் எழுந்திரிக்கல
எச்சி கையும் கழுவல
செருப்புக்கொரு எல போடுங்கடி
செல்லமா வளத்தாரு சம்மந்தி!

கல்யாணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமா கட்டுகிற மெட்டெல்லாம் நடவு மெட்டுதானே. பாடி பாக்டரியில் நாளெல்லாம் இரும்பு கடைகிறார், ஒரு பாட்டிலாவது இரும்பு வந்திருக்கிறதா? சேறு, நாற்று, மதகு, எருமை, இதுதான் வரும். அவருடைய அப்பா கூலிக்கு உழுத நிலத்தின் மேல் பாக்டரி எஸ்டேட் கட்டி எட்டு வருஷம் ஆகிறது. இவர் மட்டும் இன்னும் பாட்டில் அங்கேயே நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மெட்டு நெமிலிச்சேரி நடவுப் பொம்பளைகள் வாய்க்கு அல்வா மாதிரி இருந்திருக்கிறது. பிடித்துக்கொண்டார்கள். அந்த மனிதர் கொடுக்கிற கூலியை வாங்கிக்கொண்டு, அவர் நிலத்திலேயே, அவரையே பாடுகிறார்கள் என்றால் எப்படி இருக்கும், நீயே சொல்.

நான் மாமாவிடம், வாயைத் திறக்காமல் போய் உட்காருங்கள், யார் கட்டின பாட்டு என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று சொல்லி அனுப்பினேன். அவரும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். துலுக்கானம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். மழை உண்டா என்றார், இவர் தலையாட்டினார். பாக்டரியில் எவ்வளவு காலம் என்றார், அதற்கும் தலையாட்டினார். பையனின் அம்மா தாயம்மா என்னிடம் மெல்ல, அண்ணாத்தேக்கு பேச்சு வராதா என்று கேட்டாள். அதைக் கேட்டதும் நம் ஞானகுமாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னா இப்டி கேட்டுட்ட, அவரு யாருன்னு தெரியுமா, கவிஞர் செங்கல்வராயன், ஏரிக்கரைப் பாட்டு புஸ்தகம் போட்டவரு, திருவேற்காட்டுல ஆடி மாசம் அவரு புஸ்தகம்தான் விக்குது, உங்க ஊருலயே அவரு பாட்டுதான் பாடறாங்களாமே என்று சொல்லிவிட்டு, நான் கண்ணைக் காட்டக் காட்ட, பந்தியில பாயசமாம் என்று எடுத்துவிட்டாள். சர்ச் கொயரில் பாடுகிறவள், குரல் வேறு கணீரென்று. செருப்புக்கொரு எல என்ற இடம் வரை வந்துதான் எதிரே இருந்தவர் கக்கத்தைப் பார்த்தாள்.

துலுக்கானம் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே ரயிலடிப் பக்கம் நடந்தார். தாயம்மா பின்னால் ஓடினாள். பரந்தாமன் மட்டும் தெரு திரும்பும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இங்கே பொன்னி சன்னல் கம்பியை விடவேயில்லை.

பாகிஸ்தான் சண்டை ஓய்ந்து ஆறு மாதம் ஆகிறது, உனக்கு இன்னுமா லீவு தரமாட்டேன் என்கிறார்கள்? மாமாவுக்கு ஒரு கடிதம் போடு. திட்டாமல் போடு. திட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
அங்கம்மா

(கவிஞர் என்று எழுதினேனே, கூடவே மாமா பெயரையும் எழுதிவிட்டேன். ஞானகுமாரி சொன்னதைத்தான் எழுதினேன், அதில் தோஷம் இல்லை.)


மண்ணூர்பேட்டை
6-8-1972

அன்புத் தம்பி வீராசாமிக்கு, அக்காவின் வாழ்த்து. உன் கடிதம் வந்தது. செருப்புப் பாட்டைப் பட்டாளத்தில் எல்லாருக்கும் பாடிக் காட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். நீ நன்றாயிருப்பாய். இந்த ஊரில் தொடங்கி இந்தியா எல்லை வரை அந்த மனிதரின் செருப்பு நடந்துவிட்டது. இது மட்டும் நெமிலிச்சேரிக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் தட்டு மாற்ற முடியாது.

மாமா மறுவாரமே நெமிலிச்சேரிக்குப் போனார். பட்டாபிராமில் இறங்கி வெயிலில் நடந்து, வெற்றிலை பாக்குப் பழத்தோடு போய் நின்று, தெரியாமல் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். துலுக்கானம் சண்டை போடவில்லையாம், அதுதான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மோர் கொடுத்தாராம். கொடுத்துவிட்டுச் சொன்னாராம், திருவேற்காட்டு கோயில்ல ஒரு ஜோடி, பூந்தமல்லி சந்தையில ஒரு ஜோடி, ரெண்டு தரம் பறிகொடுத்துட்டு வெறுங்காலோட வந்தவன் அண்ணாத்தே, அதான் கையில வச்சிக்கிறேன், அது ஒரு குத்தமா, இப்போ என் நெலத்துலயே நான் நடக்க முடியல, உன் பாட்ட திருப்பி எடுத்துக்கோ, அப்புறம் பொண்ணப் பத்தி பேசலாம் என்று.

சொன்ன சொல்லையாவது திருப்பி வாங்கலாம். ஐம்பது பொம்பளை வாயில் இருக்கிற பாட்டை எப்படித் திருப்பி வாங்குவது?

அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர் ஒரு சபதம் போட்டார். பொன்னி கழுத்தில் தாலி ஏறும் வரை பாட்டு கட்ட மாட்டேன் என்று. நான் நம்பவில்லை. ஆடியில் நம் அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். வருஷா வருஷம் மாமா பாட்டில்லாமல் கரகம் எழும்பாது. இந்த வருஷம் உடுக்கைக்காரர் மூன்று தரம் இவர் முகத்தைப் பார்த்தார். இவர் கூழ் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாக்டரியில் சாப்பாட்டு மணி அடித்ததும் நாலு பேர் இவரைச் சுற்றி உட்கார்வார்களாம், இப்போது கோவிந்தன் மட்டும் வருகிறானாம், அவனும் என் கல்யாணத்தால்தானே என்று மூக்கைச் சிந்துகிறானாம்.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் மண்ணெண்ணெய் வாங்க அனுப்பினால் கியூவில் நின்று ஒரு மெட்டு பிடித்துக்கொண்டு காலி டின்னோடு வருவார். இப்போது டின் நிரம்பி வருகிறது. துவரம்பருப்பு சொன்னால் துவரம்பருப்பே வருகிறது. சம்பளக் கவரை நேரே என் கையில் வைக்கிறார். ஒரு புருஷனிடம் வேறென்ன கேட்பாய்? எனக்கு ஆகவில்லை தம்பி. இந்த மனுஷன் இப்படி ஒழுங்காக இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய மாதிரி காலி டின்னோடு வந்து நிற்கட்டும், நான் நாலு வார்த்தை கேட்கிறேன், வீடு வீடாக இருக்கும்.

பொன்னிக்குத்தான் இரண்டு பக்கமும் அடி. பரந்தாமன் விஷயம் ஒன்று. இன்னொன்று, விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமா எந்தப் பாட்டு கட்டினாலும் முதலில் அவளுக்குத்தான் பாடிக் காட்டுவார். காலையில் குழாயடியில் அவள் குடம் வைத்ததும் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பாடுவார். அவளும் குடம் நிரம்புவதற்குள், இந்த எடம் இழுக்குது நைனா, இது சரியா கீது என்று சொல்லிவிடுவாள். அவள் சரி என்றால்தான் வெளியே போகும். இப்போது இவர் குழாயடிப் பக்கமே போவதில்லை. நேற்று அவளே வந்து எதிரில் நின்று சொன்னாள், செருப்புப் பாட்டும் அந்தக் கல்யாணப் பந்தல்லயே நான் கேட்டுட்டு சரின்னு சொன்னதுதான் நைனா, பாட்டு நல்லாத்தான் கீது, அதான் இப்போ வம்பு என்று. இவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டார். அடுப்பை நான் இன்னும் மூட்டவேயில்லை.

பரந்தாமன் வேறு பெண் பார்க்கச் சம்மதிக்கவில்லை என்று மதுரைவீரன் சொன்னார். அப்பா பேச்சையும் தட்ட மாட்டானாம். ஆவணியில் வேறு இடத்திலிருந்து ஒரு ஜாதகம் அவர்கள் வீட்டுக்கு வருகிறதாம். அதற்குள் ஏதாவது நடக்க வேண்டும். எல்லையில் இருக்கிறாயே, அங்கே இருக்கிற சாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா அங்கம்மா


மண்ணூர்பேட்டை
17-9-1972

என் கண்ணான தம்பிக்கு, அக்கா வாய் நிறையச் சிரிப்போடு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஆவணி நடவு தொடங்கியதும் உன் மாமா பாக்டரிக்கு லீவு போட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. நெமிலிச்சேரிக்குப் போய் வரப்பு வரப்பாக ஏறி, நடவு நடுகிற பொம்பளைகளைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அம்மா தாயே, அந்தச் செருப்புப் பாட்டை விட்டுவிடுங்கள், உங்களுக்கு வேறு பத்துப் பாட்டு தருகிறேன், என் பெண்ணின் வாழ்க்கை உங்கள் வாயில் இருக்கிறது என்று கெஞ்சியிருக்கிறார். பொம்பளைகள் தலையாட்டிக்கொண்டார்களாம். அங்கே நடவுக்கு முன்பாட்டு பாடுகிற கிழவி வேம்புலியம்மாள் மட்டும், சரி கவிஞரே, நீ போ, நாங்க பாத்துக்கிறோம் என்றாளாம். இவரும் காரியம் முடிந்தது என்று நிம்மதியாக ரயிலேறிவிட்டார்.

இவர் வரப்பை விட்டு இறங்கினாரோ இல்லையோ, அந்தக் கிழவி எடுத்துவிட்டிருக்கிறாள்.

பாட்ட கட்டி வுட்டவரு
வரப்பு மேல நிக்கிறாரு
பாட்ட திருப்பித் தாங்கடின்னு
பல்ல காட்டிக் கெஞ்சறாரு!
வெதச்ச நெல்ல பொறுக்கலாமா
வுட்ட பாட்ட புடிக்கலாமா
சம்மந்திக்குச் செருப்பு போச்சி
கவிஞருக்கு மானம் போச்சி!

அந்த நேரம் பார்த்துத் துலுக்கானம் மடைதிறக்க வந்திருக்கிறார். வழக்கம்போல் செருப்புப் பாட்டுதான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர், நின்று கேட்டாராம். கெஞ்சறாரு என்ற இடத்தில் சிரிப்பு பீறிட்டு, வாயிலிருந்த வெற்றிலைச் சாறெல்லாம் வேட்டி மேலே. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். இன்னொரு தடவ பாடுமே என்று கேட்டாராம். ஒரு வருஷமாக அந்த வயலில் சிரிக்காத மனிதர்.

இதையெல்லாம் யார் சொன்னது என்கிறாய்? தாயம்மாதான். மறுவெள்ளிக்கிழமை ரயிலேறி வந்து நம் வீட்டு வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு முழம் மல்லிகை. உட்கார்ந்ததும் என் காதில், எங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்லிடாதே சம்மந்தியம்மா, நானே அந்தப் பாட்ட அடுப்பண்டை பாடிகினுதான் இருந்தேன், நல்ல பாட்டு என்றாள். சம்மந்தியம்மா என்று அவள் வாயால் சொன்னதும் என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கதவுக்குப் பின்னால் பொன்னியின் வளையல் சத்தம் கேட்டது.

ஆனால் துலுக்கானம் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார். எம்மவன் கல்யாணத்துல நலங்குக்கு உங்க பக்கம் கவிஞர் வூட்டுப் பாட்டா கொட்டும், எங்க ஊருல பாட்டு கட்ட ஆளு யாரு கீறாங்க, நாங்க ஊமையா ஒக்காந்துகினு இருக்கணுமா? அதனால மாப்பிள்ள வூட்டுப் பாட்டையும் அவருதான் கட்டணும். அவரப் பத்தியேதான் கட்டணும். செருப்புப் பாட்டுல எவ்ளோ காரம் இருந்துச்சோ அதுல குறையக் கூடாது. கொறஞ்சா நான் கேட்டுகினு இருக்க மாட்டேன் என்றாராம்.

மாமா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டதும் சொம்பைக் கீழே வைத்தார். என் சபதம் என்னாவது என்று இழுத்தார். நான் விட்டேனா? பாட்டு கட்டினால்தான் தாலி ஏறும், தாலி ஏறினால்தான் பாட்டு கட்டுவேன் என்றால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது, முதலில் உட்காருங்கள் என்றேன். பொன்னி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, நைனா, காரம் நல்லா போடு என்றாள். நிச்சயமாகவில்லை, தட்டு மாற்றவில்லை, அதற்குள் அவள் கட்சி மாறிவிட்டதைப் பார்த்தாயா?

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும் தம்பி. தன்னைப் பற்றி என்றதும் மனுஷனுக்கு ஒரு குறையும் ஞாபகத்துக்கு வரவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தேன். இருபது வருஷக் குடித்தனம், எனக்குப் பஞ்சமா? மண்ணெண்ணெய் டின் சங்கதியைச் சொன்னேன். ஏர், காளை என்று நூறு பாட்டு கட்டினவர் பூந்தமல்லிச் சாலையில் கோயில் காளை வந்ததும் என்னையும் பொன்னியையும் விட்டுவிட்டுப் பழக்கடைப் பலகை மேல் ஏறி நின்றாரே, அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் சொல், இன்னும் சொல் என்கிறார். பாட்டு வெளியே வந்து விழுந்தது. அன்றைக்கு வீட்டில் அப்படிச் சிரித்தோம், ஜோசப்ராஜ் வேலி மேல் எட்டிப் பார்த்து என்ன அண்ணாத்தே என்று கேட்கும்படி ஆயிற்று.

மறுநாளே பாட்டோடு போனார். துலுக்கானம் முழுவதும் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் காரம் போடலாம் அண்ணாத்தே என்றாராம். ஆனாலும் வெற்றிலைத் தட்டு மாற்றியாகிவிட்டது. தை மாதம் கல்யாணம்.

நீ வந்தே ஆக வேண்டும். தாய்மாமன் கையால் நெற்றியில் பட்டம் கட்டிக்கொள்ளாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று உன் மருமகள் சொல்லச் சொன்னாள். உன் ஆபீசரிடம் கேள். தேவையானால் நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீயே படித்துச் சொல்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அக்கா,
அங்கம்மா


மண்ணூர்பேட்டை
11-2-1973

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

லீவு இல்லை என்ற உன் தந்தி வந்த அன்று நான் உன் ஆபீசரைத் திட்டியதை இங்கே எழுதினால் இந்தக் கடிதம் உன் கைக்கு வராது. போகட்டும். கல்யாணம் நல்லபடி முடிந்தது. நீ யூனிபாரத்தில் எடுத்து அனுப்பின போட்டோவை ஒரு தட்டில் வைத்து மாலை போடக் கூடாது என்று பூ மட்டும் வைத்தோம். உனக்குப் பதிலாக ஜோசப்ராஜ் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்று, வீராசாமி சார்பா கட்றேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் பட்டத்தைக் கட்டினார். பொன்னி உன் போட்டோவைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள். உன் சீர்ப் புடவையைத்தான் முகூர்த்தத்துக்குக் கட்டினாள்.

துலுக்கானம் பந்தலுக்கு வந்தார். எல்லார் கண்ணும் அவர் காலில். வாசலில் நிதானமாகச் செருப்பைக் கழற்றி நட்டநடுவில் விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் என்னவோ தைரியமாகத்தான் வந்துவிட்டார். உன் மாமாவுக்குத்தான் உயிர் போயிற்று. இன்றைக்குப் பார்த்து எவனாவது அடித்துக்கொண்டு போனால் என்னாவது என்று, பெண்ணுக்கு அப்பா வந்தவர்களை வரவேற்காமல் செருப்பண்டையே நிற்கிறார். நான் போய் இழுத்துவந்து, கோவிந்தனை அங்கே காவல் வைத்தேன். அவன்தானே எல்லாவற்றுக்கும் ஆரம்பம், நிற்கட்டும்.

பந்தியில் உட்கார்ந்ததும் துலுக்கானம் இலையைப் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். எனக்கு எல போட்டீங்க, என் செருப்புக்கு எல எங்கே என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார். அதற்குமேல் யார் சாப்பிட்டார்கள், புரையேறாதவர்களே இல்லை.

சாயங்காலம் நலங்கு. நம் பக்கம் ஞானகுமாரி தலைமையில் பாடினோம். அப்புறம் தாயம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்துப் பாட்டை எடுத்தாள்.

மண்ணெண்ண வாங்கப் போனவரு
மெட்டு வாங்கி வந்தாரு
இருட்டுலயே சோறு தின்னுகினு
இளிச்சிகினாரு சம்மந்தி!

காளைக்கு நூறு பாட்டு சொன்னார்
காளைய கண்டா ஓடறாரு
மூணு காணி நாத்து நட்டார்
முழுக்கப் பாட்டுல நட்டாரு!
போரு போரா அறுத்து வச்சார்
பொங்க வைக்க நெல்லு இல்ல
எல்லா நெலமும் பாட்டுல கீது
எறங்கி நிக்க எடமில்ல!

வேம்புலியம்மாள் கிழவி கையைத் தட்டிக்கொண்டு எழுந்து ஆடினாள். பாடி பாக்டரி ஆட்கள் விசில் அடித்தார்கள். மாமாவே தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் நான் வெங்காயம் அரிந்துகொண்டே கொடுத்ததுதானே, நான் ஒருத்தி பெருமையாக எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது என்று நினைத்தேன். தாயம்மா இன்னும் ஒன்று பாடினாள். காரம் கொறையுதுன்னீங்களே, இதையும் சேத்துக்குங்க என்று கல்யாணத்துக்கு முதல் வாரம் மாமா தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். என்னிடம் மூச்சு விடவில்லை.

பொறந்த பாட்ட மொதமொதலா
பொறுத்து நின்னு கேட்டுகினு
இருந்த காது ரெண்டுமே
எங்க ஊட்டுக்கு வந்தாச்சி!
கொடத்தண்ட போயி நின்னாலும்
கொழாத் தண்ணிதான் கேக்கணும்
இனிமே பாட்டு கட்டிகினு
ஆருகிட்ட பாடுவாரு சம்மந்தி?

கேலிப் பாட்டு என்று முதல் அடிக்குச் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. தாயம்மாவே கடைசி அடியை மெல்லத்தான் பாடினாள். உன் மாமா தாளம் போட்ட கை தொடை மேல் அப்படியே இருக்கிறது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். மஞ்சள் பூசின முகத்தோடு மணையில் குனிந்து உட்கார்ந்திருந்த உன் மருமகள் தலையை நிமிர்த்தினாள். கல்யாணப் பெண், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றெல்லாம் இல்லை. நேரே அப்பாவைப் பார்த்து, ரெண்டாவது அடி இழுக்குது நைனா என்றாள்.

அவ்வளவுதான். உன் மாமா குழந்தை மாதிரி அழுதுகொண்டே சிரித்தார். துலுக்கானம் எழுந்துவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காது எங்க ஊட்டுக்கு வந்தா இன்னா அண்ணாத்தே, ரயிலு ஓடலயா, பாட்டு கட்டினா எட்துகினு வா, செருப்ப வாசல்லயே வுட்டுட்டு வா என்றார்.

பொன்னி சந்தோஷமாக இருக்கிறாள். பரந்தாமன் வாரத்துக்கு ஒருமுறை கூட்டிவருகிறான். அவன் தங்கமான பையன், பாட்டுக்குத்தான் காது கிடையாது, எல்லாப் பாட்டும் நல்லாருக்குது மாமா என்கிறான். அது மாமாவுக்குப் போதுமா? சம்பந்தி வீட்டுக்குச் சும்மா சும்மா போய் நிற்பதும் மரியாதை இல்லையே.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் குழாயடியில் குடம் வைத்தேன். இத்தனை வருஷம் அது பொன்னி வேலை. மாமா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பல் துலக்க வந்ததுபோல் வேப்பங்குச்சியை ஒடித்தார். எனக்குத் தாங்கவில்லை தம்பி. சும்மா நிற்காதீர்கள், பாடுங்கள், எனக்கும் காது இருக்கிறது என்றேன். உனக்கு இதெல்லாம் பிடிக்காதே என்றார். பிடிக்காமல்தான் இருபது வருஷம் குடித்தனம் பண்ணுகிறேனா என்றேன். பாடினார். அறுப்பு முடிந்த வயலில் நாரை வந்து தேடுகிற பாட்டு. எனக்கு எங்கே இழுக்கிறது, எங்கே சரியாக இருக்கிறது என்று என்ன தெரியும்? குடம் வழிந்து என் கால் நனைந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, மூணாவது எடம் இழுக்குது என்று குருட்டாம்போக்கில் சொல்லி வைத்தேன். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆமா அங்கம்மா, எனக்கும் அங்கேதான் சந்தேகம் என்று குதித்துக்கொண்டு போனார். அன்றைக்குக் கடைக்கு அனுப்பினேன், மண்ணெண்ணெய் டின் காலியாக வந்தது.

சித்திரையில் கட்டாயம் லீவு தருவார்கள் என்று எழுதியிருந்தாய். இந்தத் தடவை பொய்யாக்கிவிடாதே. பொன்னியையும் மாப்பிள்ளையையும் வரவழைக்கிறேன், நீயும் வா. வீடு ரொம்பப் பெரியதாகிவிட்டது தம்பி. ஒரே அறைதான், இருந்தாலும் பெரியதாகிவிட்டது. அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மாமாவுக்குக் கேட்க இரண்டு காது வேண்டும். ஒன்றாக நான் இருந்துகொள்கிறேன். இன்னொன்றுக்கு நீ வந்து சேர்.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா அங்கம்மா